பதினொரு லட்சத்து எண்பத்து நாலாயிரத்து நாற்பது கைகள்

எங்கள் பானி ஊரில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளில் பாதிப் பேர் எர்சிலியா மோத்தா தைத்த சட்டையைத்தான் போட்டிருப்பார்கள். ஒரு சட்டைக்கு ஆறு பொத்தான். ஏழாவது ஒன்றை உள்மடிப்பில் உபரியாகத் தைத்துவிடுவார். பிள்ளைகள் சண்டை போட்டுப் பொத்தானை இழப்பார்கள் என்று எல்லாத் தையல்காரர்களுக்கும் தெரியும். எர்சிலியாவுக்கு எந்த மாதத்தில் எத்தனை இழப்பார்கள் என்பதும் தெரியும். எண்ணி வைத்திருந்தார். நவம்பரில் அதிகம்.

கணவர் இறந்து பன்னிரண்டு வருடம். பிள்ளைகள் கிடையாது. காலையில் தையல், மாலை ஐந்து மணிக்கு நிகனோரின் மளிகைக் கடை வாசல். அங்கே வாதாம் மரத்தடியில் ஒரு டோமினோ மேசை. நிகனோரும் நானும் ஒரு கூட்டு. கடையை அவன் மனைவி பார்த்துக்கொள்வாள். எர்சிலியாவும் தூலியோ பெகெரோவும் எதிர்க்கூட்டு. கூட்டாளிகள் எதிரெதிரே உட்காருவோம். தூலியோ தலைநகருக்கு மினிபஸ் ஓட்டுபவன். எனக்குச் சின்ன வயதிலிருந்தே சிநேகிதன். நான் உப்பளத்தில் முப்பது வருடம் எடை பார்த்தவன். ஆகையால் இந்தக் கதையில் வரும் எண்களில் பிசகு இருக்காது.

தூலியோவின் பஸ்ஸில் இருபத்து மூன்று இருக்கை. அத்தனையும் நிரம்பாமல் பஸ் கிளம்பாது. அவ்வளவு நேரம் ஸ்டாண்டில் சும்மா உட்கார முடியாமல் அவன் அட்டைகளில் கணக்குப் போட ஆரம்பித்தான். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு மாலை, ஒரு சோப்புப் பெட்டி அட்டையை ஆட்டிக்கொண்டு கடைக்கு ஓடிவந்தான். டோமினோவில் இருபத்தெட்டுக் காய்; ஒவ்வொன்றிலும் இரண்டு பாதி, பாதிக்கு வெள்ளையிலிருந்து ஆறு புள்ளி வரை. ஆளுக்கு ஏழு; அந்த ஏழைத்தான் 'கை' என்போம். ஒருவன் கைக்கு எத்தனை விதமான ஏழு வரலாம்? முதல் காய்க்கு இருபத்தெட்டு வழி, அடுத்ததற்கு இருபத்தேழு, இப்படியே இருபத்திரண்டு வரை. எல்லாவற்றையும் பெருக்கி ஐந்நூற்றுத் தொண்ணூற்றாறு கோடியே எழுபத்தைந்து லட்சத்து அறுபத்தோராயிரத்து அறுநூறு என்று கொண்டுவந்திருந்தான். எங்களுக்குத் தலை சுற்றியது. நிகனோர் ஒரு குளிர்ந்த பீரைத் திறந்து, அந்த எண்ணின் பெயரால் எல்லோருக்கும் ஊற்றினான்.

நூல்கண்டு வாங்க வந்த ஒரு பெண்மணி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர்தான் எர்சிலியா.

"கையில வந்த காயை அடுக்கி வெப்பீங்களா, இல்ல வந்த வரிசையிலயே விட்டுடுவீங்களா?" என்று தூலியோவைக் கேட்டார்.

"அடுக்குவேன். ஏன்?"

"அப்போ எது முதல்ல வந்துச்சு, எது கடைசியா வந்துச்சுன்னு யாருக்கு என்ன கவலை? ஒவ்வொரு கையையும் நீங்க ஐயாயிரத்து நாற்பது தடவை எண்ணியிருக்கீங்க."

ஏழு காய்களை ஐயாயிரத்து நாற்பது வரிசையில் வைக்கலாம். தூலியோ நாற்காலியில் உட்கார்ந்தான். ஒரு காப்பித் தூள் பொட்டலத்தின் பின்பக்கத்தில் வகுத்தான். மீதியில்லாமல் வந்தது: பதினொரு லட்சத்து எண்பத்து நாலாயிரத்து நாற்பது. அவன் எழுந்து இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு, கைக்குட்டையால் துடைத்து, "தோன்யா, உட்காருங்க" என்றான், எங்கள் ஊரில் பெரிய மனுஷியை அழைக்கும் மரியாதையோடு. அன்றைக்கு உட்கார்ந்தவர்தான்.

அந்த எண்ணை அவன் பஸ்ஸின் பின்கண்ணாடியில் சிவப்புப் பெயின்டால் எழுதிவைத்தான். மற்ற பஸ்களில் சாமி பேரும் காதலி பேரும் இருக்கும். இவன் பஸ்ஸில் இது. பாதி ஊர் அதைத் தொலைபேசி எண் என்று நினைத்தது, மீதி ஊர் லாட்டரிக்கு வைத்துப் பார்த்தது. அவன் அந்த எண்ணை விடவில்லை. இருபத்து மூன்றால் வகுபடுகிறது என்று கண்டுபிடித்த அன்றைக்குப் பயணிகளுக்கு மிட்டாய் கொடுத்தான். தன் பஸ்ஸின் இருக்கைகள் அதற்குள் இருக்கின்றனவாம். மீதமிருப்பதைப் பதின்மூன்றாலும் பதினொன்றாலும் வகுத்தால் சரியாக முந்நூற்று அறுபது. ஒரு முழு வட்டம். ஆனால் ஏழால் வகுபடாது. ஏழு ஏழாக எடுத்துச் செய்த எண் ஏழுக்கு மட்டும் மசியவில்லையே என்று இரண்டு நாள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தான். மீதி எவ்வளவு என்று பார்த்தீர்களா என்று எர்சிலியா கேட்டார். பார்த்தான். நாலு. மேசையைச் சுற்றி எங்களை ஒவ்வொருவராக விரலால் தொட்டு எண்ணினான்: நாலு. அன்றைக்கு அவன் ஆடிய ஆட்டத்தில் ஒரு உருப்படியான காய்கூட இல்லை. ஆனால் சிரிப்பு நிற்கவில்லை.

எர்சிலியாவும் சிரித்தார். அவர் சிரிப்பதை அவன் பார்த்ததை நாங்கள் இரண்டு பேரும் பார்த்தோம்.

அதற்குப் பிறகு ஒன்பது வருடம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எர்சிலியா வீட்டில்தான் தூலியோவுக்கு மதியச் சாப்பாடு. ஓரிகானோ என்ற வாசனைச் செடியை மேய்ந்த ஆட்டின் கறி, வேகவைத்து மசித்த வாழைக்காய். கல்யாணப் பேச்சு வந்தால் மட்டும் நழுவுவான். முதல் மனைவி விவாகரத்துப் பத்திரத்தை நியூயார்க்கிலிருந்து தபாலில் அனுப்பியிருந்தாள்; அதில் சூடுபட்டவன். மேயில் கேட்டால் "மாம்பழம் முடியட்டும்" என்பான். ஆகஸ்டில் கேட்டால் பள்ளிக்கூடம் திறக்கட்டும். நவம்பரில் ஊர்த் திருவிழா முடியட்டும். பிறகு மறுபடியும் மாமரம் பூத்துவிடும்.

அந்த ஒன்பதாவது வருடம், ஜனவரி ஐந்து, மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு முந்தின மாலை. நிகனோர் காய்களைக் கலக்கிக்கொண்டே, இந்த வருடமாவது தேவாலயத்துக்குப் போவீர்களா என்று குத்தினான். வீராப்பில் தூலியோ ஒரு வார்த்தையை விட்டான்.

"தோன்யா எர்சிலியாவுக்கு ஒரே கை ரெண்டு தடவை வரட்டும். அன்னிக்கே கட்டிக்கிறேன்."

சொல்லிவிட்டுக் கணக்கையும் சொன்னான். எர்சிலியா ஒரு மாலைக்குப் பதினோரு கை ஆடுகிறார். ஞாயிறு கிடையாது. பதினொரு லட்சத்து எண்பத்து நாலாயிரத்து நாற்பது கையும் ஒரு சுற்று வந்து தீர முந்நூற்று நாற்பத்து நாலு வருடம். நிகனோர் விழுந்து விழுந்து சிரித்தான். "மாப்ளே, அதுவரைக்கும் கல்யாணச் சூட்டு தாங்குமா?"

எர்சிலியா அந்த ஆட்டத்தை முடித்தார். முப்பது புள்ளி எடுத்தார். பிறகுதான் வாயைத் திறந்தார்.

"எந்தக் கையா இருந்தாலும் சரியா? இன்னிக்கி வந்த கைதான் திரும்ப வரணும்னு இல்லையே?"

"எந்தக் கையா இருந்தாலும் சரி."

"எது வரைக்கும்?"

"சான் ஹுவான் திருநாள் வரைக்கும் தர்றேன்" என்றான், ராஜா நிலம் தானம் செய்வதுபோல. திருநாள் ஜூன் இருபத்து நாலு; கடைசி ஆட்டம் அதற்கு முந்தின மாலை.

"சரி. அதுக்குள்ள வரலேன்னா இந்தப் பேச்சை நான் திரும்ப எடுக்கமாட்டேன். நீங்களும் ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு வர வேண்டாம்."

தூலியோவின் சிரிப்பு பாதியில் நின்றது. ஆனால் முந்நூற்று நாற்பத்து நாலு வருடம் பின்னால் இருக்கிறது என்ற தைரியத்தில் தலையை ஆட்டிவிட்டான்.

மறுநாள் எர்சிலியா தையல் போடவில்லை. ஒரு கண்ணாடிச் சாடியில் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத நூறு பொத்தான் போட்டார். கண்ணை மூடி ஒன்றை எடுப்பார், எழுதுவார், திரும்பப் போட்டுக் குலுக்குவார். ஏற்கெனவே எழுதிய பொத்தான் மறுபடி வரும்வரை எண்ணுவார். நூறு பொத்தான் இருக்கிறதே, ஐம்பது அறுபது தடவையாவது ஆகும் என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் நினைத்தேன். முப்பது முறை செய்து பார்த்தார். சராசரி பதின்மூன்று தடவை. பிறகு இன்னொரு சாடியிலும் நூறு பொத்தான் போட்டு, ஒவ்வொன்றிலிருந்தும் ஒன்றாக இரண்டிரண்டு எடுத்தார். அதில் பத்தாயிரம் ஜோடி இருக்கலாம். நூறு மடங்கு அதிகம். ஆனால் ஜோடி திரும்பி வர நூற்று இருபத்தாறு தடவைதான் ஆயிற்று. பத்து மடங்குக்குக் கொஞ்சம் கீழே.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவர் தூலியோவின் பஸ்ஸை வைத்துச் சொன்னார்.

"பஸ்ஸுல ஏறுறவருக்கு டிரைவரைத் தெரியுமான்னு நான் கேக்கல. உள்ள உக்காந்திருக்கற யாராவது ஒருத்தரைத் தெரியுமான்னு கேக்கறேன். முதல் ஆளு யாரையும் தெரியாம ஏறிடலாம், கஷ்டமில்ல. இருபதாவது ஆள் பானியில யாரையும் தெரியாம வந்து ஏற முடியுமா?"

புதிதாக வரும் ஒவ்வொரு கையும் பழைய கைகள் அத்தனையையும் ஒதுக்கி நடக்க வேண்டும். பழையவை சேரச் சேர ஒதுங்க இடம் குறையும். நூறு மடங்குக்குப் பத்து மடங்கு என்ற அளவில் பார்த்தால், தூலியோவின் பெரிய எண்ணுக்கு ஆயிரத்து முந்நூற்று எழுபது கை போதும். மே கடைசி. சான் ஹுவானுக்கு மூன்று வாரம் கையிருப்பு. இதோடு இன்னொன்றையும் சொன்னார்: ஒற்றைச் சாடியில் பதினாலு தடவை என்பது சான் ஹுவான் வரைக்குமான கைகளுக்கு ஈடு; முப்பது முறையில் பதினோரு முறை அதைத் தாண்டிப் போயிருந்தது. "மூணுல ஒரு பங்கு, வராமலும் போகும்" என்றார். அதை என்னிடம் மட்டும்தான் சொன்னார்.

ஒரு தடித்த பள்ளி நோட்டு வாங்கினார். கையில் வந்த ஏழு காயின் புள்ளிகளையும் கூட்டினால் என்ன வருகிறதோ அந்தப் பக்கத்தில் எழுதுவார். தேட வசதி. ஆட்டம் முடிந்து மற்றவர்கள் காய் கலக்கும்போது நினைவிலிருந்து எழுதுவார். நடுவில் பென்சிலைத் தொடமாட்டார். நாற்பத்திரண்டாம் பக்கம்தான் முதலில் நிரம்பியது, ஏனென்றால் எல்லாக் காயின் புள்ளியையும் நாலு பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு நாற்பத்திரண்டு. அதற்குத் தாள் ஒட்டினார். இருபதாம் பக்கம் கன்னி கழியாமல் கிடந்தது.

தூலியோ கலக்கிய கலக்கலை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எவ்வளவு கலக்குகிறோமோ அவ்வளவுக்குக் கை திரும்பாது என்று அவன் நம்பினான். தோள் வரைக்கும் கையை வீசி, மேசை ஆட, வாதாம் இலை உதிரக் கலக்கினான். நன்றாகக் கலக்கினால்தான் தன் கணக்கு செல்லும் என்பதால் எர்சிலியா அவனை உற்சாகப்படுத்தினார். "இன்னும் கொஞ்சம், தோன் தூலியோ." ஏப்ரலில் அவனுக்கு வலது தோளில் தைலம் தடவ வேண்டியதாயிற்று. தடவியது எர்சிலியா.

ஆயிரம் கை தாண்டியது. ஊருக்கே விஷயம் தெரிந்துவிட்டது. பஸ்ஸில் ஏறுபவர்கள் டிக்கெட் கேட்பதற்கு முன்னால் "வந்துச்சா?" என்று கேட்டார்கள். பாதிரியார் காப்பித் தூள் வாங்குகிற சாக்கில் தினம் வந்து நோட்டை எட்டிப் பார்த்தார்.

மே மூன்றாவது வாரத்திலிருந்து தூலியோவுக்கு ஏதோ ஆகிவிட்டது. பீரைத் தொடவில்லை. ஒரு மாலை, போடக்கூடிய காய் கையில் இருக்கும்போதே மேசையைத் தட்டி 'இல்லை' என்றான். அவனிடம் ஐந்து-ஆறு இருந்தது. எங்கள் ஊரில் பெண்டாட்டியை விட்டு ஓடியவனை மன்னிப்பார்கள். காய் இருக்க 'இல்லை' என்றவனை மன்னிக்கமாட்டார்கள். எர்சிலியா இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. அவனும் அதற்குக் காரணம் சொல்லவில்லை.

மே முடிந்தது. ஆயிரத்து முந்நூற்று எழுபதாவது கை வந்தது, புதிய கை. ஜூனில் பத்து நாள் போயிற்று. எர்சிலியாவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் சட்டைகளில் ஏழாவது பொத்தான் தைக்க மறந்துகொண்டிருந்தார் என்று தாய்மார்கள் சொன்னார்கள்.

ஜூன் இருபத்து மூன்று. சான் ஹுவானுக்காக மேளம் அடித்துப் பழகும் சத்தம் மூன்று தெரு தள்ளிக் கேட்டது. கடை வாசலில் நிற்க இடமில்லை. பத்துக் கை ஆடினோம், பத்தும் புதியவை. பதினோராவதற்குத் தூலியோதான் கலக்கினான், மெதுவாக, அதிகாலையில் தூங்குபவரை எழுப்பாமல் கதவைச் சாத்துகிறவன்போல. அந்த ஆட்டத்தில் எர்சிலியாதான் முதலில் காயைத் தீர்த்தார். நோட்டை எடுத்தார். புள்ளி முப்பத்தெட்டு. அந்தப் பக்கத்தில் மேலிருந்து கீழே விரலை ஓட்டினார், திரும்பவும் ஓட்டினார். ஆயிரத்து ஐந்நூற்று எழுபத்தொன்று என்று எண்ணிட்டு எழுதினார். நோட்டை மூடினார்.

"வரல. நான் தோத்துட்டேன்" என்றார்.

தூலியோ சட்டைப் பையிலிருந்து, பயணிகளைக் குறித்துவைக்கும் சின்ன அட்டைப் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தான். முதல் நாளிலிருந்தே அவனும் தன் கைகளை எழுதிவந்திருக்கிறான், தினமும் பஸ்ஸுக்குள் உட்கார்ந்து. தன் கை திரும்பாவிட்டால் எர்சிலியாவின் கையும் திரும்பாது என்று மனதைத் தேற்றிக்கொள்ள. மார்ச் மூன்றாம் தேதி, ஐந்நூற்று இருபத்தேழாவது கை: வெள்ளை-இரண்டு, வெள்ளை-ஐந்து, இரட்டை ஒன்று, இரண்டு-நாலு, மூன்று-ஆறு, இரட்டை நாலு, ஐந்து-ஆறு. மே பத்தொன்பது, ஆயிரத்து இருநூற்று நாற்பத்து மூன்றாவது கை: அதே ஏழு.

எர்சிலியா இரண்டு வரியையும் காய் காயாக ஒப்பிட்டார். புள்ளிகளைக் கூட்டினார். இரண்டும் நாற்பத்து மூன்று. கூட்டம் கத்த ஆரம்பித்தது. நிகனோர் நாற்காலி மேல் ஏறி, "மாப்ளே, மாட்டிக்கிட்டே" என்றான்.

எர்சிலியா கையை உயர்த்தினார். "மே பத்தொன்பதுலேர்ந்து தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"அன்னிக்குத்தான் அஞ்சு-ஆறை வெச்சுக்கிட்டு இல்லைன்னீங்களா?"

"அதுக்கு மறுநாள். அஞ்சு-ஆறைப் பார்த்தாலே பயமா இருந்துச்சு."

எர்சிலியா கொஞ்ச நேரம் அந்த அட்டைப் புத்தகத்தைப் புரட்டினார். அவன் எழுத்து ஒழுங்காக, கூட்டல் தவறாமல் இருந்தது. முகம் இளகியதை நான் பார்த்தேன். ஆனால் எர்சிலியா எர்சிலியாதான்.

"பந்தயத்துல நீங்க சொன்னது எனக்கு வர்ற கை. இது உங்களுக்கு வந்த கை. கணக்குல சேராது."

கூட்டம் அவரைத் திட்டியது. நிகனோர் தலையில் அடித்துக்கொண்டான். பாதிரியார்கூட, ஒரு கை ஒரு கைதானே என்று மெல்ல இழுத்தார். என்னைக் கேட்டார்கள். தராசு சாய்ந்த பக்கத்தைத்தான் நான் சொல்ல முடியும்: சேராது என்றேன்.

தூலியோ புத்தகத்தைத் திரும்பப் பையில் போட்டான். அவனுக்கு மாம்பழமும் இல்லை, திருவிழாவும் இல்லை, முந்நூற்று நாற்பத்து நாலு வருடமும் இல்லை. மேசையைச் சுற்றிப் போய் எர்சிலியாவின் பக்கத்தில் நின்றான். டோமினோவில் கூட்டாளியின் பக்கத்தில் போய் நிற்கக் கூடாது; ஆட்டம் முடியும்வரை கூட்டாளிக்கும் காய் தெரியக் கூடாது. ஒன்பது வருடத்தில் அவன் அந்தப் பக்கம் வந்தது அதுதான் முதல் தடவை.

"அப்போ பந்தயம் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"ஒரு மாசமா தூக்கமில்ல எனக்கு. உனக்கு வந்துடுமோன்னு பயந்தேன், அப்புறம் வராமப் போயிடுமோன்னு பயந்தேன். சாக்கு ஒண்ணும் பாக்கியில்ல, எர்சிலியா. என்னைக் கட்டிக்கிறியா?"

எர்சிலியா மேசையில் கிடந்த காய்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து நேராக வைத்தார். இருபத்தெட்டும் சரியாக இருக்கிறதா என்று எண்ணியிருப்பார் என்று நினைக்கிறேன். பிறகு அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"மாம்பழம் முடியட்டும்" என்றார்.

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. பிறகு நிகனோர் நாற்காலியிலிருந்து விழுந்தான். தூலியோ சிரித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டான், எழுப்ப இரண்டு பேர் வேண்டியிருந்தது. அன்று மேளக்காரர்கள் ஊர்வலத்தை வழிமாற்றி மளிகைக் கடை வழியாகக் கொண்டுவந்தார்கள். எர்சிலியா ஆடினார். தூலியோவும் ஆடினான், தோள் வலியோடு. நானும் ஆடினேன் என்று சொல்கிறார்கள். அதை நான் எழுதி வைக்கவில்லை.

அந்த வருடம் மாம்பழம் ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி முடிந்தது. எர்சிலியா சந்தைக்குப் போய், கூடை கூடையாகப் பார்த்து உறுதிசெய்துகொண்டார். மறுநாள் கல்யாணம். மணமகனின் சூட்டைத் தைத்தது மணமகள். உள்மடிப்பில் ஏழாவது பொத்தான் இருந்தது. எண் எழுதிய பஸ்ஸில் இருபத்து மூன்று பேர் ஏறும்வரை காத்திருந்துதான் தேவாலயத்துக்குக் கிளம்பினார்கள்.

விருந்தில் தூலியோ கறித்தட்டோடு எங்கள் அருகே வந்து உட்கார்ந்தான். அவனுக்கு ஒரே ஒரு குறை. எர்சிலியாவின் நோட்டில் கடைசிவரை கை திரும்பாமலே போய்விட்டதே என்றான்.

"திரும்பிச்சு" என்றார் எர்சிலியா. "ஜூலை ஏழு. ஆயிரத்து எழுநூற்றி ரெண்டாவது கை. நாற்பத்திரண்டாம் பக்கம்."

"ஒரு மாசமாச்சு. சொல்லவே இல்லையே?"

எர்சிலியா அவன் தட்டில் இன்னொரு துண்டு கறி வைத்தார்.

"ஆட்டம் நடந்துக்கிட்டிருந்துச்சு" என்றார்.